கியூ.எஃப்.டி: செயலாராய்ச்சிக் கேள்விக்கு எதுவரை கைகொடுக்கிறது?

தன் வகுப்பறைச் சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து பார்க்கும் செயலாராய்ச்சியில், ஆசிரியர்கள் சறுக்கும் இடம் முதல் பக்கத்து ஒற்றை வரிதான். "ஐந்தாம் வகுப்பு மாணவர்களின் கழித்தல் திறனை மேம்படுத்துதல்" என்று அங்கே எழுதிவிட்டால் மீதி எல்லாம் தானாக நடந்துவிடும்: முன்தேர்வு, நடுவில் நான்கு செயல்பாடு, பின்தேர்வு, "முன்னேற்றம் காணப்பட்டது" என்ற முடிவு. அந்த வரி வெறும் தலைப்பு. அதில் கேள்வி என்று எதுவும் இல்லை, அதனால் எந்தப் பதிலும் யாரையும் வியப்பில் ஆழ்த்தப் போவதில்லை. பி.எட். மாணவர்களுக்காக அச்சடித்து விற்கும் மாதிரி ரெக்கார்டுகளில் இத்தகைய தலைப்புகளே வரிசையாக இருக்கும். அவற்றில் வகுப்பையும் பாடத்தையும் மாற்றி எழுதினால் ஆய்வு தயார்.

இந்த முதல் வரியைச் சரிசெய்ய ஆசிரியர் குழுக்கள் எடுத்தாளக்கூடிய கருவிகளில் ஒன்று கியூ.எஃப்.டி (Question Formulation Technique). தமிழில் வினா உருவாக்கும் முறை எனலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ரைட் குவெஸ்டியன் இன்ஸ்டிடியூட் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் இதை உருவாக்கியது. அதன் நிறுவனர்கள் டான் ரோத்ஸ்டைனும் லூஸ் சன்டானாவும், அம்மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பள்ளி இடைநிற்றலைத் தடுக்கும் பணியில் இருந்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கு ஏன் போவதில்லை என்று பெற்றோரிடம் கேட்டபோது, "போனால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை" என்றார்கள். முறையின் வேர் அந்தப் பதிலில் இருக்கிறது. பிறகு வகுப்பறைக்கு ஏற்றபடி அதை வடிவமைத்து 2011-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார்கள். படிவங்களை நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வகுப்பறையில் இது மாணவர்கள் கேள்வி கேட்கப் பழகுவதற்காக வந்த முறை, ஆசிரியரின் ஆய்வுக்கென்று வகுத்ததில்லை. அந்த வேலைக்கு இழுத்து வரும்போது எது பொருந்துகிறது, எது போதவில்லை என்பதே இங்கே பேச்சு.

நடத்தும் விதம் எளிது. மூன்று முதல் ஐந்து ஆசிரியர்கள், ஒரு சார்ட் பேப்பர், இரண்டு நிற ஸ்கெட்ச் பேனா, ஒரு மணி நேரம். முதலில் ஒரு தூண்டுவரியை நடுவில் வைக்க வேண்டும். அது கேள்வியாக இருக்கக் கூடாது, நடத்துபவரின் விருப்பம் அதில் தெரியவும் கூடாது. அதைப் பார்த்துக் குழு கேள்விகளைக் கொட்டும். அதற்கு நான்கு விதிகள்: முடிந்த அளவு கேள்வி கேள், பதில் சொல்லவோ விவாதிக்கவோ மதிப்பிடவோ நிற்காதே, சொன்ன கேள்வியைச் சொன்னபடியே எழுது, கூற்றாக வந்தால் கேள்வியாக மாற்று. பிறகு ஒவ்வொரு கேள்வியும் மூடியதா திறந்ததா என்று குறிக்க வேண்டும். ஆம், இல்லை, அல்லது ஒரே சொல்லில் பதில் முடிந்தால் மூடியது. விளக்கம் தேவைப்பட்டால் திறந்தது. மூடியதில் ஒன்றைத் திறந்து பார்ப்பார்கள், திறந்ததில் ஒன்றை மூடிப் பார்ப்பார்கள். கடைசியில் முக்கியமான மூன்றைத் தேர்ந்து, ஏன் தேர்ந்தோம் என்று சொல்லி, அடுத்து என்ன செய்வது என்று திட்டமிட வேண்டும். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: விதிகளைப் பேச 5 நிமிடம், கேள்வி எழுத 10, வகைப்படுத்தி மாற்ற 15, தேர்வுக்கு 15, மீதி திட்டத்துக்கு.

இந்தக் கருவியின் உயிர் தூண்டுவரியில் இருக்கிறது. "மாணவர்கள் கழித்தலில் பின்தங்கியிருக்கிறார்கள்" என்று எழுதி வைத்தால் பத்து நிமிடமும் பாழ். தீர்ப்பு அதிலேயே வந்துவிட்டது, இனி குற்றவாளியைத் தேடுவது மட்டும்தான் பாக்கி. வரும் கேள்விகள் வீட்டுச் சூழலையும் கைப்பேசியையும் முந்தைய வகுப்பு ஆசிரியரையும் நோக்கியே போகும். அதற்குப் பதில் பிள்ளைகள் எழுதியதையே அப்படியே வைக்க வேண்டும். உதாரணமாக, சார்ட்டின் நடுவில் இவ்வளவு மட்டும்:

402 − 178 = 376
402 − 178 = 274
402 − 178 = 234

மூன்றும் ஒரே வகுப்பில் வந்த விடைகள் என்று ஒரு வரி. வேறெதுவும் வேண்டாம்.

சரியான விடை 224. இந்த மூன்று தவறான விடைகளையும் கொஞ்சம் நின்று பார்த்தால் மூன்று தனித்தனி யோசனைகள் தெரியும். 376 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 8-லிருந்து 2, 7-லிருந்து 0, 4-லிருந்து 1. மேலே எது, கீழே எது என்ற கவலையே அதற்கு இல்லை. 274 எழுதிய பிள்ளை நூறிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவிக் கடன் வாங்கியிருக்கிறது. 12-லிருந்து 8 போக 4, நூறில் மிச்சம் 3. பத்தாமிடத்துச் சுழியத்தைக் கண்டுகொள்ளாமல் 7-ஐ அப்படியே இறக்கிவிட்டது. 234 எழுதிய பிள்ளைக்கு ஏறக்குறைய எல்லாமே தெரியும். சுழியத்தைப் பத்தாக்கியது, அதிலிருந்து ஒன்றுக்கு ஒரு பத்தைக் கொடுத்தது, ஆனால் பத்தை ஒன்பதாகக் குறைக்க மறந்தது. மதிப்பெண் பதிவேட்டில் மூன்றுக்கும் ஒரே சுழியம். "கழித்தல் திறன்" என்ற தலைப்பும் மூவரையும் ஒன்றாகக் கட்டிவிடும்.

இப்படி ஒரு தூண்டுவரியிலிருந்து வரும் கேள்விகளின் தரமே வேறு. மாதிரிக்குச் சில:

"376 எழுதின பிள்ளைக்குக் கடன் வாங்கவே தெரியாதா, இல்ல சுழியத்தைப் பாத்ததும் விட்டுடுச்சா?"
"நடுவுல சுழியம் இல்லாத கணக்கை இவங்க மூணு பேரும் சரியா போடுறாங்களா?"
"234 போட்ட பிள்ளையை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடச் சொன்னா எந்த இடத்துல தடுமாறும்?"
"கடன் வாங்குறதுன்னு நாம சொல்ற வார்த்தையே குழப்புதா? வாங்கின கடனைத் திருப்பித் தர்றதே இல்லையே?"
"மணிச்சட்டம் வெச்சா சரியாயிடுமா?"

இவற்றைப் பேச்சுத் தமிழிலேயே இங்கே தந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கியூ.எஃப்.டி-யின் மூன்றாவது விதி, சொன்னபடியே எழுது என்பது, தமிழ்க் குழுக்களில் முதலில் உடைவது. எழுதுபவரின் கை தானாகவே எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடும். "பசங்க ஏன் போர்டைப் பாத்து எழுதுறப்ப மட்டும் ஒற்று விடாம எழுதுறாங்க?" என்று ஒருவர் சொல்ல, சார்ட்டில் "மாணவர்களின் ஒற்றுப் பிழைகளுக்கான காரணங்கள்" என்று ஏறும். "மட்டும்" என்ற சொல் போய்விட்டது. கேள்வியின் உயிர் அந்தச் சொல்லில்தான் இருந்தது. பார்த்து எழுதும்போது வராத பிழை கேட்டு எழுதும்போது வருகிறது என்றால், சிக்கல் கையில் இல்லை, காதில் இருக்கலாம். பள்ளிக்கூடம் என்பதைப் பள்ளிகூடம் என்று எழுதும் பிள்ளை, நடுவில் வரும் க்-ஐக் கேட்கிறதா என்று பார்க்க வழி திறக்கிறது. ஆகவே குழுவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வாயிலிருந்து வந்தபடி, கொச்சையோடு எழுதுங்கள். திருத்துவது கடைசியில்.

இரண்டாவது விதியும் நம் கூட்டங்களில் எளிதில் நிற்பதில்லை. தலைமை ஆசிரியரோ பயிற்சி நிறுவன விரிவுரையாளரோ உடன் உட்கார்ந்திருந்தால், அவர் வாய் திறக்கவே வேண்டாம். ஒரு கேள்விக்குத் தலையாட்டினால் போதும், அடுத்த ஐந்து கேள்விகளும் அதே திசையில் வரும். இதற்கு மூல முறையில் இல்லாத ஒரு சிறு திருத்தம் நன்றாக வேலை செய்யும். முதல் மூன்று நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் கேள்விகளை எழுத வேண்டும். பிறகு இளையவரிலிருந்து தொடங்கி வாசிக்க வேண்டும். எழுத்துப் பணி செய்பவரும் தன் கேள்விகளைச் சேர்க்க மறக்கக் கூடாது. நான்கு பேர் குழுவில் பத்து நிமிடத்தில் பதினைந்து கேள்வி தாண்டவில்லை என்றால், யாரோ நடுவில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

நான்காவது விதியில் ஒரு பொறி இருக்கிறது. "வீட்டில் யாரும் கவனிப்பதில்லை" என்ற கூற்றைக் கேள்வியாக மாற்றச் சொன்னால் "வீட்டில் ஏன் யாரும் கவனிப்பதில்லை?" என்று வரும். ஏன் என்பதைச் சேர்த்தோமே ஒழிய, கவனிப்பதில்லை என்ற முடிவு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தமிழில் "ஏன்" பெரும்பாலும் விளக்கம் கேட்பதைவிடக் குற்றம் சாட்டத்தான் பயன்படுகிறது. "ஏன் லேட்டு?" என்று கேட்டால் யாரும் காரணத்தை ஆராய்வதில்லை. ஏன் வரும் இடத்தில் எப்போது, யாரிடம், எந்த இடத்தில் என்று போட்டுப் பார்த்தால் கேள்வி தரைக்கு இறங்கும்: "வீட்டுக்கணக்கை முடித்து வரும் பிள்ளைகள் அதை எப்போது, யாருடன் உட்கார்ந்து செய்கிறார்கள்?"

மூடியது, திறந்தது என்ற பிரிப்புக்கு வருவோம். இதில் கருவிக்குப் பாதி மதிப்பெண்தான் தரலாம். நன்மை உண்டு: தமிழில் மூடிய கேள்வியைக் கண்டுபிடிப்பது சுலபம், கடைசியில் "ஆ" ஒட்டிக்கொண்டிருக்கும். மேம்படுமா, உதவுமா, அதிகரிக்குமா. செயலாராய்ச்சித் தலைப்புகளில் பாதியை இந்த "மா"வே ஆள்கிறது. "மணிச்சட்டம் வைத்தால் மேம்படுமா?" என்பதைத் திறந்து "மணிச்சட்டத்தை நகர்த்தும்போது எந்தப் பிழை மறைகிறது, எது மறையாமல் நிற்கிறது?" என்று எழுதியதும் வேலை பாதி முடிந்துவிடுகிறது. இந்த ஒரு பயிற்சிக்காகவே கருவியைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் மூடிய கேள்வி எல்லாம் மோசம் என்ற எண்ணத்தையும் குழு தன்னோடு எடுத்துப்போய்விடுகிறது. மேலே உள்ள இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்: சுழியம் இல்லாத கணக்கைச் சரியாகப் போடுகிறார்களா? முழுக்க மூடிய கேள்வி. ஒரு பீரியடில், ஆறு கணக்கில் பதில் தெரிந்துவிடும். அதற்குப் பதில் தெரியாமல் ஆறு வார ஆய்வைத் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. இத்தகைய கேள்விகளைத் தள்ளிவிடாமல் "முதல் நாள் வேலை" என்று தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, இந்தப் பிரிப்பு கேள்வியின் வடிவத்தை மட்டும் பார்க்கிறது, கேட்பவரின் மனதைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கத் தமிழாசிரியரின் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் வரும் ஆறு வகை வினா: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கேட்பவருக்குப் பதில் தெரியுமா, எதற்காகக் கேட்கிறார் என்பதை வைத்துப் பிரித்தது இது. ஆசிரியர் நாள் முழுதும் கேட்பது அறிவினா: தனக்குப் பதில் தெரியும், பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்க்கிறார். பழக்க தோஷத்தில் செயலாராய்ச்சியிலும் அதையே கேட்டுவிடுகிறார். "விளையாட்டு முறை ஆர்வத்தை எவ்வாறு அதிகரிக்கிறது?" என்பது வடிவத்தில் திறந்த வினா, கியூ.எஃப்.டி-யில் தேறிவிடும். ஆனால் அதிகரிக்கிறது என்று எழுதியவருக்கு முன்பே தெரியும். அது அறிவினா.

கொடை வினாவும் ஏவல் வினாவும் மாறுவேடத்தில் நுழையும். "இந்தப் பிள்ளைகளிடம் மணிச்சட்டம் இல்லையா?" என்று கேட்பவர் மணிச்சட்டம் கொடுக்க ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். "பெற்றோர் தினமும் பத்து நிமிடம் உட்காரக் கூடாதா?" என்பது கேள்வி வடிவில் வந்த கட்டளை. நமக்கு வேண்டியவை, பதில் தெரியாமல் கேட்கும் அறியா வினாவும், இதுவா அதுவா என்ற சந்தேகத்தில் கேட்கும் ஐய வினாவும் மட்டும். அதிலும் "இது பாம்பா, கயிறா?" என்பது போன்ற ஐய வினா வகுப்பறை ஆய்வுக்கு அருமையான தொடக்கம். இரண்டு விளக்கங்கள் எதிரெதிரே நிற்கும். எது சரி என்பதைப் பொறுத்து ஆசிரியர் நாளை செய்யப்போவது மாறும். "கடன் வாங்கவே தெரியாதா, சுழியத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டதா?" என்பது அந்த வகை. வடிவத்தில் மூடியது, ஆனால் பட்டியலிலேயே சிறந்த கேள்விகளில் ஒன்று. மூடியது, திறந்தது என்று குறிக்கும்போதே பக்கத்தில் இந்த வகையையும் இரண்டாவது நிறத்தில் எழுதிவிடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், கூட்டத்தின் பயனுள்ள பத்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும்.

தேர்வுப் படியில் எதை வைத்து மூன்றைத் தேர்வது என்ற அளவுகோலை நடத்துபவரே தர வேண்டும். "முக்கியமானவை மூன்று" என்று மட்டும் சொன்னால் குழு எப்போதும் பெரிய கேள்வியை எடுக்கும், ஆய்வு ஒரு வகுப்பறைக்குள் அடங்காது. ஆசிரியர் ஆய்வுக்கு அளவுகோலாக நான்கைச் சொல்லலாம். பதில் எனக்கு இப்போது தெரியாது. மாற்ற வேண்டியது என் கையில் இருக்கிறது, அதாவது என் வகுப்பில், என் பேச்சில், என் நேரத்தில். சான்று அன்றாட வேலையிலேயே கிடைக்கும்: நோட்டு, கரும்பலகை, பிள்ளையின் வாய்ச்சொல். பதில் நான் நினைத்ததற்கு எதிராக வந்தால் நான் செய்வதை மாற்றுவேன். நான்காவதில்தான் நிறைய கேள்விகள் உதிர்கின்றன. மூலப் படிவத்தோடு இந்த நான்கையும் ஒட்டிக்கொள்ளாமல் கருவியை இந்த வேலைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

நம் எடுத்துக்காட்டில் இந்தச் சல்லடைகளைத் தாண்டி நிற்பது "கடன்" என்ற சொல்லைப் பற்றிய கேள்வி. மாற்ற வேண்டியது ஆசிரியரின் நாக்கு மட்டுமே, செலவு இல்லை. அதை ஆய்வுக் கேள்வியாகச் செதுக்கினால் இப்படி வரும்: "'கடன் வாங்கு' என்பதற்குப் பதில் 'நூறைப் பத்துகளாகப் பிரி, ஒரு பத்தை ஒன்றுகளாகப் பிரி' என்று சொல்லிக்கொடுக்கும்போது, மூன்று வகைப் பிழை செய்யும் பிள்ளைகள் கணக்கை வாய்விட்டு விளக்கும் விதம் ஆறு வாரத்தில் எப்படி மாறுகிறது?" யார், என்ன மாற்றம், எதில் தெரியும், எவ்வளவு காலம் எல்லாம் வந்துவிட்டன. சொல்லையும் மாற்றிக் குச்சிக்கட்டையும் சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, ஆகவே ஒரு மாற்றம் மட்டும்.

சான்றும் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. ஒவ்வொரு வகைப் பிழைக்கும் இரண்டு பேர், மொத்தம் ஆறு பிள்ளைகள். திங்கள்தோறும் வகுப்பு முழுவதற்கும் ஆறு கணக்கு: சுழியம் இல்லாதவை இரண்டு, பத்தாமிடத்தில் சுழியம் உள்ளவை இரண்டு, 500 − 236 போல இரண்டிடத்தில் சுழியம் உள்ளவை இரண்டு. வாரக் கடைசியில் அந்த ஆறு பேரிடம் மட்டும் ஆளுக்கு மூன்று நிமிடம் உட்கார்ந்து, ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டே போடச் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே குறிக்க வேண்டும். ஆறு வாரத்தில் 36 குறிப்புகள். வகுப்பையே இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் புதிய முறை, மறு பாதிக்கு ஒன்றுமில்லை என்று வைப்பது தேவையும் இல்லை, நியாயமும் இல்லை. அறிக்கையில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண் போதும்.

யாருக்கு இது ஏற்றது? சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலோ ஒரே பள்ளியிலோ மூன்று பேருக்கு மேல் சேர்ந்து உட்கார முடிகிற ஆசிரியர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம். செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போகும் பயிற்சி ஆசிரியர்கள் இதை முதல் வாரத்தில் செய்யக் கூடாது. தூண்டுவரியாக வைக்கப் பிள்ளைகளின் நோட்டு கையில் இருக்காது, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த தலைப்பே மீண்டும் வரும். மூன்றாம் வாரம் சரியாக இருக்கும். மாற்ற நேரமும் மிஞ்சும்.

தனியாக இருக்கும் ஆசிரியருக்கு, குறிப்பாக ஓராசிரியர் பள்ளியில், இதன் பலம் பாதியாகக் குறைகிறது. ஒருவரே கேள்வி கேட்டு ஒருவரே வகைப்படுத்தும்போது சொந்த முடிவுகள் கண்ணில் படுவதில்லை. அவர்கள் ஒரு வாரம் முழுக்க நாளுக்கு மூன்று கேள்வி என்று பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவரலாம். பதினைந்து சேர்ந்ததும் இரண்டு நாள் ஆறப்போட்டு, வேறு பள்ளி நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டலாம். அவர் செய்ய வேண்டியது ஒன்று மட்டும்: ஒவ்வொரு கேள்விக்கும் "இதற்குப் பதில் உனக்கு ஏற்கெனவே தெரியுமா?" என்று கேட்பது. தெரியும் என்று வந்ததை அடித்துவிட்டு, அடித்த கேள்வியையும் படிக்கிற மாதிரி விட்டுவைக்க வேண்டும். ஆறாம் வாரத்தில் அவற்றில் ஒன்றிரண்டின் பதில் அவ்வளவு உறுதியாகத் தெரியாது.